கடல் இருந்த பக்கம்

ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆனபின், சென்ற மாதம் பழைய அலுவலகத்தின் படிகளில் ஏறினேன். சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அது. கீழே சாப்பாட்டுக் கடை, மேலே மோட்டார் சைக்கிள் சுற்றுலா நிறுவனம். புதிதாகச் சேர்ந்திருக்கும் வழிகாட்டி பிரவீன் தன் கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். பினாங்குத் தீவின் வரைபடத்தில் எட்டுப் பச்சைப் புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு வண்டி.

“யாரு எங்க இருக்காங்கன்னு எல்லாமே தெரியும் அக்கா. ஹெல்மெட்லயே பேசிக்கலாம். இனிமே டெயிலுக்குன்னு தனியா ஒரு ஆள் வேணுமான்னு ஆபீஸ்ல யோசிக்கிறாங்க லா.”

அந்த டெயில் நான்தான். கூட்டத்தின் கடைசி வண்டியாகப் பத்தொன்பது வருடம் போனவள். அவர் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. நல்ல கருவி அது. எனக்கு அது கிடைத்திருந்தால் ஒரு மனிதர் மழையில் இரண்டு மணி நேரம் நின்றிருக்க மாட்டார். ஆனால் பிரவீன் அடுத்துக் கேட்டது மனத்தில் தங்கிவிட்டது.

“சும்மா பின்னாலேயே போயி என்னதான் அக்கா பார்த்தீங்க?”

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவருடைய மதிய உணவு நேரத்துக்குள் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஜெசிந்தா. ஈசூன்காரி. இருபத்திரண்டு வயதில் மோட்டார் சைக்கிளில் கடிதக் கட்டுகளை எடுத்துப்போய்க் கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன். வங்கிகள், வழக்கறிஞர் அலுவலகங்கள், கப்பல் நிறுவனங்கள் என்று இந்த நகரத்தின் எல்லா லிப்ட்டுகளிலும் ஏறி இறங்கியிருக்கிறேன். இரண்டு முறை விழுந்தேன், ஒரு முறை மணிக்கட்டு உடைந்தது. அந்த வருடங்களைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஒருநாள் கடப்பிதழ்க் கட்டு ஒன்றை இந்தச் சந்துக்குக் கொண்டுவந்தபோதுதான் கருணா அண்ணனைப் பார்த்தேன். நிறுவனத்தின் தலைமை வழிகாட்டி. ஒல்லியான மனிதர், கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை. நான் ஈரத் தரையில், இரண்டு லாரிகளுக்கு நடுவில், வண்டியைப் பின்னால் எடுப்பதைப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “எங்களுக்கு ஒரு டெயில் வேணும். வர்றீங்களா?” என்றார்.

நேர்முகத் தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து நேராக வந்திருந்தேன். முதலில் தன் வண்டியைத் தரையில் சாய்த்துப் படுக்க வைத்து, “தூக்குங்க” என்றார். முதுகைத் திருப்பி, இருக்கையில் சாய்ந்து, கால்களால் உந்தித் தூக்கினேன். பிறகு, “நான் பாசிர் ரிஸ் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரேன். நீங்க பின்னாலயே வாங்க. வந்ததும் நான் என்ன தப்புப் பண்ணேன்னு சொல்லுங்க” என்றார்.

வேலைக்கு எடுக்கப்போகிறவரிடம் அவருடைய தப்பை எப்படிச் சொல்வது? திரும்பி வந்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பின்விளக்கு குலுக்கலில் விட்டுவிட்டு எரிகிறது. ஒரு முறை சைகை விளக்கை அணைக்க மறந்தார். சாங்கி பக்கம் ஒரு வளைவில் வலது தோள் இறுகியிருந்தது.

மூன்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். “தோளு வலிக்குது. உண்மைதான். திங்கக்கிழமை வந்துடுங்க.”

எங்கள் முக்கியமான பயணம் மூன்று நாள். வெள்ளிக்கிழமை விடியுமுன் உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்டி, நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டிப் பினாங்கு போய்ச் சேருவோம். சனிக்கிழமை தீவைச் சுற்றி மலைச்சாலையில் ஒருநாள் பயணம். ஞாயிறு திரும்புவோம். வாடிக்கையாளர்கள் சனிக்கிழமைக்காகத்தான் வருவார்கள். ஜார்ஜ் டவுனிலிருந்து மலை ஏறி மறுபக்கம் பாலிக் பூலாவில் இறங்கி, அங்கிருந்து வடக்கே மறுபடியும் மலை ஏறி, தெலுக் பஹாங் வழியாகக் கடலோரமாகவே திரும்புகிற பாதை. மேற்கே போகப் போக ஒரு பக்கம் காடு, மறுபக்கம் கீழே கடல். கருணா அண்ணன் எப்போதும் இந்தத் திசையில்தான் சுற்றுவார். நாம் சாலையின் இடதுபக்கம் ஓட்டுகிறவர்கள். இப்படிச் சுற்றினால் கடல் நம் பக்கமே இருக்கும்.

புறப்படுவதற்கு முந்தைய மாலை அலுவலகத்தில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசுவார். முதலில் காலணிகளைப் பார்ப்பார். கணுக்காலை மூடாத காலணி போட்டு வந்தவரை பக்கத்து முஸ்தபா கடைக்கு அனுப்பி வேறு வாங்கிவரச் சொல்வார். பிறகு வரிசை. முதலில் அவர், அவருக்குப் பின்னால் கூட்டத்திலேயே அனுபவம் குறைந்தவர், கடைசியில் நான். பிறகு மார்க்கர் முறை. திரும்ப வேண்டிய சந்திப்பு வந்ததும் அவருக்கு அடுத்து வருகிறவர் சாலையின் இடது ஓரத்தில் நின்று, பின்னால் வருகிறவர்களுக்குக் கையால் வழி காட்ட வேண்டும். எல்லாரும் கடந்து, கடைசியாக நான் வந்து தலையசைக்கும்வரை நகரக் கூடாது. நான் வந்ததும் எனக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த சந்திப்புக்கு அடுத்த ஆள். யாரும் வழி தெரியாமல் போக முடியாது, யாரும் யாரையும் துரத்த வேண்டியதும் இல்லை.

‘ஜாக்கிரதை’ என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. நான் ஒரு முறை சொன்னதற்குத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஜாக்கிரதன்னு சொன்னா பயந்தான் வரும் ஜெசிந்தா. என்ன செய்யணும்னு சொல்லுங்க. ரெண்டாவது கியர் போடுங்கன்னு சொல்லுங்க. வளைவோட முடிவப் பாருங்கன்னு சொல்லுங்க.”

நான் ஒரு ஆளை விட்டுவிட்டு வந்தது முதல் வருடத்தில். தெலுக் பஹாங் வட்டச் சாலைச் சந்திப்பில் மார்க்கராக நின்றவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். நான் வந்த நேரத்தில் மழை கொட்டத் தொடங்கி, அவர் ஒரு மரத்தடிக்கு ஒதுங்கியிருக்கிறார். வழி எனக்கு மனப்பாடம் என்பதால் ஆளைத் தேடாமல் திரும்பிவிட்டேன். ஹோட்டலுக்கு வந்து எண்ணினால் ஒரு தலை குறைகிறது. கருணா அண்ணன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபம் வந்தால் அவர் பேச்சு மெதுவாகும். “ஹெல்மெட்டக் கழட்டாதீங்க. வாங்க” என்று மிக மெதுவாகச் சொல்லிவிட்டு, அதே மழையில் என்னோடு திரும்பி வந்தார். ஆசிரியர் மரத்தடியை விட்டுச் சாலையோரத்துக்கே வந்து நின்றுகொண்டிருந்தார், தொப்பலாக நனைந்து, கையை இன்னமும் சரியான திசையில் நீட்டியபடி. கருணா அண்ணன் அவரிடம் போய், “தப்பு எங்களோடது. நாங்க சொன்னபடி நீங்க நின்னீங்க” என்று தலை குனிந்தார். தப்பு என்னுடையது, எங்களுடையது இல்லை.

அன்றிலிருந்து நான் வழியைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தேன். முதுகுகளைப் படிப்பது ஒரு பழக்கம்தான். களைப்பு வந்தால் இடது முழங்கால் பெட்ரோல் தொட்டியை விட்டு விலகும். பயம் வந்தால் முழங்கை நேராகி விறைக்கும். மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வந்தவர் கியரை உதைப்பார். ஒரு முறை பாலிக் பூலாவில் மூன்று டுரியான் பழங்களை முதுகுக்குப் பின்னால் வலைக்கயிற்றில் கட்டிக்கொண்டு வந்த ஒருவர் வளைவுக்கு வளைவு இருக்கையில் முன்னால் நகர்ந்துகொண்டே போனார். ஏன் என்று எனக்குப் பின்னாலிருந்து நன்றாகத் தெரிந்தது. முள்ளு!

இப்போது முருகையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் வேலையில் சேர்ந்து பதினோரு, பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். முருகையாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, ஆள் வாட்டசாட்டம். துவாஸில் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். வண்டி எண்ணூறு சிசி, கண்ணாடி போலத் துடைத்து வைத்திருந்தார். பின்னால் மனைவி வசந்தி. முதியோர் இல்லம் ஒன்றில் தாதிக்கு உதவியாளராக வேலை செய்தார். பதிவுப் படிவத்தில் பின்னால் அமர்கிறவரின் உரிமம் பற்றியும் கேட்போம். வசந்திக்குச் சிறிய வண்டிகளுக்கான 2பி உரிமம் இருந்தது. தினமும் உட்லண்ட்ஸிலிருந்து ஈசூனுக்குத் தன்னுடைய சின்ன கியர் வண்டியில் வேலைக்குப் போய் வருகிறவர்.

வெள்ளிக்கிழமை நெடுஞ்சாலையில் முருகையா நேர்கோடு போட்டதுபோல ஓட்டினார். ஒன்றை மட்டும் கவனித்தேன். இளைப்பாறும் நிறுத்தங்களுக்குள் இடதுபக்கம் திரும்ப வேண்டியிருக்கும்போதெல்லாம் வசந்தியின் இடது கை அவருடைய இடது தோளில் இரண்டு தட்டுத் தட்டும். கணவன் மனைவி பாஷை என்று நினைத்து ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை, மலை ஏறுமுன் வந்த முதல் சந்திப்பில் மார்க்கர் கையை நீட்டியபடி இடது ஓரத்தில் நின்றார். முருகையா அவரைப் பார்க்காமல் நேராகப் போய்விட்டார். வசந்தி தோளில் படபடவென்று அடித்தபிறகுதான் நிறுத்தித் திரும்பி வந்தார். இது யாருக்கும் நடக்கும்.

மலையில் நடந்தது வேறு. இடது வளைவு ஒன்றில் அவர் வண்டி அகலமாகப் போய் நடுக்கோட்டைத் தாண்டியது. எதிரே காய்கறி லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே ஒடித்து விலகியது. இடைவெளி ஒரு ஆள் படுக்கும் அளவுகூட இல்லை. அதன்பின் எண்ணினேன். பாலிக் பூலாவில் இறங்குவதற்குள் இன்னும் ஏழு இடது வளைவுகள். ஏழிலும் கோட்டைத் தாண்டினார். வலது வளைவுகள் ஆறு. ஆறிலும் பயிற்றுநர் ஓட்டிக் காட்டுகிற மாதிரி அழகாகத் திருப்பினார். திறமை இல்லாதவர் இரண்டு பக்கமும் தடுமாறுவார். இவர் ஒரு பக்கம் மட்டும் ஏன் தடுமாறுகிறார்?

ஊருக்குள் இரண்டாவது மார்க்கரையும் தாண்டிப் போனார். அதே இடது ஓரம்.

லக்சா நூடுல்ஸ் கடையில் எல்லாரும் உட்கார்ந்ததும் கருணா அண்ணனிடம் போனேன். “அண்ணே, முருகையா...” என்று ஆரம்பித்தேன்.

“என்ன நினைக்கிறீங்கன்னு அப்புறம் கேக்கிறேன். என்ன பார்த்தீங்க?”

மார்க்கர் இரண்டு, வளைவு எட்டு, லாரி ஒன்று, தோளில் தட்டும் கை. சொன்னேன். அவர் கல்லாவுக்குப் போய் ஒரு கிளாஸ் தேநீர் வாங்கினார்.

முருகையா சுவரைப் பார்த்து உட்கார்ந்து பக்கத்திலிருந்தவரிடம் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கருணா அண்ணன் அவருக்கு இடது பின்னால் நின்று, கிளாஸை அவருடைய முழங்கைக்கு நேராக நீட்டினார். முருகையா பேசிக்கொண்டேயிருந்தார். கிளாஸ் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்தது. தோளுக்கு நேராக வந்தது, கன்னத்துக்கு நேராக வந்தது. சூடான தேநீரின் ஆவிகூட எனக்குத் தெரிந்தது. கிட்டத்தட்ட மூக்குக்கு முன்னால் வந்தபிறகுதான் திடுக்கிட்டு, “ஐயோ, தேங்க்ஸ் அண்ணே, எப்ப வந்தீங்க?” என்றார்.

“இப்பதான். குடிங்க” என்றார் கருணா அண்ணன்.

கை கழுவும் இடத்தில் வசந்தி என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“அக்கா, நீங்க பார்த்துட்டீங்கதானே?”

“என்னம்மா?”

“ஆறு மாசமா இப்படித்தான். இடது பக்கம் எது வந்தாலும் நான் தட்டுவேன். அவருக்கு அது பழகிப்போச்சு. டாக்டர்ட்ட போகலாம்னு சொன்னா, லைசன்ஸ் போயிடும்னு கத்துறாரு.” குழாயை மூடிவிட்டுச் சொன்னார்: “ட்ரெய்லர்ல யாரு அக்கா தட்டுறது?”

என் கைக்குட்டையை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

கருணா அண்ணன் அதைக் கூட்டத்துக்கு நடுவில் பேசவில்லை. “முருகையா, பின் டயர ஒரு தடவ பார்க்கணும், கொஞ்சம் வாங்க” என்று கடைக்குப் பின்னால் வண்டிகள் நின்ற இடத்துக்குக் கூட்டிப்போனார். என்னையும் கண்ணால் அழைத்தார். அங்கே டயரைப் பார்க்கவில்லை. முருகையாவுக்கு இடது பக்கத்தில் நின்றார்.

“தலையத் திருப்பாம சொல்லுங்க. நான் எத்தன விரல் காட்டுறேன்?”

“என்ன அண்ணே இது, ஸ்கூல் பிள்ளைக்குக் கேக்கிற மாதிரி.”

“சொல்லுங்க.”

“மூணு” என்றார் முருகையா.

“நான் கையத் தூக்கவே இல்ல.”

முருகையாவின் முகத்தில் இரத்தம் ஏறியது. இருபத்தைந்து வருடமாக டிரெய்லர் ஓட்டுவதைச் சொன்னார். ஒரு விபத்துகூட இல்லை என்றார். இராத்திரி சரியான தூக்கமில்லை, அவ்வளவுதான் என்றார். கருணா அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “உங்க ஓட்டுல குறையே இல்ல. வலது பக்கம் நீங்க திருப்புற மாதிரி எனக்குத் திருப்ப வராது. ஆனா இதுக்கு மேல ஏத்தம். இடது பக்கம் கடலு. நீங்க ஓட்ட வேணாம்” என்றார், மிக மெதுவாக.

“அப்ப நான் தனியா போய்க்கிறேன். உங்க குரூப் வேணாம்.”

ஹெல்மெட்டை மாட்டி, வண்டியில் ஏறி, சாவியைத் திருகினார். இயந்திரம் உறுமியது. கருணா அண்ணன் முன்னால் போய் மறிக்கவில்லை. பிடித்து இழுக்கவும் இல்லை. நான்தான் மறிப்பதற்கு ஒரு அடி எடுத்து வைத்தேன். அவர் கையசைத்து என்னை நிறுத்தினார். பிறகுதான் எனக்குப் புரிந்தது, அவர் என் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தி வந்து நின்றிருந்தார்.

“ஏறு” என்றார் முருகையா.

“ஏறல.”

“வசந்தி, எல்லாரும் பார்க்கிறாங்க. ஏறு.”

“ஏறல. இனிமே நான் தட்ட மாட்டேன். இங்கயும் இல்ல, எங்கயும் இல்ல. ஆறு மாசம் தட்டித்தட்டி நான்தான் உங்களுக்குக் கெடுதல் பண்ணிட்டேன்.”

குரலை உயர்த்தவில்லை அவர். ஹெல்மெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். இயந்திரம் ஓடிக்கொண்டேயிருந்தது. முருகையா சாவியைத் திருகி அணைத்தார். அதை எடுத்து யாரையும் பார்க்காமல் நீட்டினார். கருணா அண்ணன் வாங்கி என் கையில் வைத்தார்.

ஏற்பாடு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. என்னுடையது இருநூறு சிசி வண்டி, வசந்தியின் உரிமத்துக்குள் அடங்குவது; பெரிய வண்டிக்கு என்னிடம் உரிமம் உண்டு. கருணா அண்ணன் வசந்தியை என் வண்டியில் ஏற்றிக் கடைக்கு முன்னால் இருந்த வெற்று இடத்தில் மூன்று சுற்று ஓட்டச் சொல்லி, பிரேக் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு தனக்கு நேர் பின்னால் இடம் கொடுத்தார். “நான் எந்த கியர்ல போறேனோ அதே கியர்ல வாங்க. என் முதுகப் பார்க்காதீங்க, வளைவோட முடிவப் பாருங்க” என்றார். மற்றவர்களிடம், “முருகையாவுக்குக் கண்ணுல கொஞ்சம் தொந்தரவு. அவர் வண்டிய ஜெசிந்தா ஓட்டுவாங்க” என்று மட்டும் சொன்னார். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

முருகையாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்தப் பெரிய வண்டியை மலையில் ஏற்றியதுதான் என் வேலைநாட்களிலேயே கடினமான ஓட்டு. அவர் என்னைவிட இரண்டு மடங்கு கனம். ஓட்டத் தெரிந்தவர் பின்னால் உட்கார்ந்தால் உடம்பு சும்மா இருக்காது. வளைவில் தானே சாய்வார், பிரேக்குக்குக் கால் தேடுவார். முதல் ஐந்து வளைவுகளில் இரண்டு பேர் ஒரே வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தோம். “அண்ணே, மணல் மூட்டை மாதிரி உக்காருங்க” என்றேன். அதன்பின் அடங்கினார்.

முன்னால், வளைவு திறக்கும்போதெல்லாம், கருணா அண்ணனுக்குப் பின்னால் வசந்தியின் சிவப்பு ஹெல்மெட் தெரிந்தது. இடதில் ஒரே அளவு, வலதிலும் ஒரே அளவு. அவசரமே இல்லாத ஓட்டு.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மரங்கள் விலகிக் கடல் தெரியும் இடம் ஒன்று உண்டு. எல்லாத் தலைகளும் வரிசையாக இடதுபக்கம் திரும்பின.

“எங்க பார்க்கிறாங்க எல்லாரும்?” என்றார் முருகையா என் காதருகில்.

“கடல் தெரியுது.”

அவர் கழுத்தை மட்டுமல்ல, இடுப்பையும் சேர்த்துத் திருப்பினார். வண்டி அசைந்தது. சமாளித்துக்கொண்டேன். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார். அந்த நாளில் எங்கள் ஹெல்மெட்டில் ஒலிவாங்கி கிடையாது. மெதுவாகப் போகும்போது, காற்றுக்கு நடுவில், துண்டு துண்டாகத்தான் கேட்டது.

போன மாதம் கிடங்கு வாசலில் இடதுபக்கம் இருந்த மஞ்சள் கூம்பு ஒன்றை டிரெய்லர் நசுக்கியிருக்கிறது. சத்தம் கேட்டபிறகுதான் தெரிந்ததாம். இறங்கிப் பார்த்திருக்கிறார். “கூம்புதானேன்னு மறுபடியும் ஏறிட்டேன். ஆனா அன்னைக்கு ராத்திரி ஃபுல்லா அந்த இடத்துல யாராச்சும் நின்னிருந்தான்னு...” முடிக்கவில்லை. பிறகு கேட்டார்: “நீங்க எங்க கம்பெனிக்கு போன் பண்ணுவீங்களா?”

எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னேன். “தெரியல அண்ணே.” அவருடைய வேலை போனால் அந்த வீடு எப்படி ஓடும்? அவர் மறுபடியும் டிரெய்லரில் ஏறினால் அந்தக் கூம்பு நின்ற இடத்தில் அடுத்து நிற்கப்போவது யார்? இரண்டும் சேர்ந்து என் முதுகில் உட்கார்ந்திருந்தன.

மலை இறங்கி, அணைக்கட்டுப் பக்கத்து நிறுத்தத்தில், என்ன செய்வது என்று நான் போய்க் கேட்பதற்கு முன்பே கருணா அண்ணன் எங்களிடம் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“முருகையா, உங்களுக்குப் பின்னால ஒண்ணும் செய்ய மாட்டேன், அதனால முன்னாலயே சொல்றேன். திங்கக்கிழமை நீங்க ட்ரெய்லர ரோட்டுக்கு எடுத்தா, நான் உங்க கம்பெனிக்குப் போன் பண்ணுவேன். எடுக்காம டாக்டர்ட்ட போனீங்கன்னா, எனக்கு அதுல வேலையே இல்ல. உங்களுக்கு என் மேல கோவம் வரும். வரட்டும்.”

நானாக இருந்தால் அதை நேரில் சொல்லத் துணிந்திருக்க மாட்டேன். ஒன்று மறைவில் போன் செய்திருப்பேன், அல்லது செய்யாமலே மறந்துபோக முயன்றிருப்பேன். பத்தொன்பது வருடத்தில் அவரிடம் எத்தனையோ கற்றுக்கொண்டேன். அந்த நாலு வாக்கியத்தைப் பேசும் துணிவு மட்டும் கடைசிவரை எனக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் அதே ஏற்பாடுதான். நாள் முழுக்க நெடுஞ்சாலை. சாயங்காலம் உட்லண்ட்ஸ் வந்து சேர்ந்தபோது எனக்கு இரண்டு கையும் மரத்திருந்தன. அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழே வண்டியை நிறுத்திச் சாவியைக் கொடுத்தேன். முருகையா வாங்கிக்கொண்டு லிப்டுக்கு நடந்தார், ஒரு நன்றிகூடச் சொல்லாமல். வசந்தி என் வண்டியின் இருக்கையைத் துணியால் துடைத்துக் கொடுத்துவிட்டு அவர் பின்னால் ஓடினார்.

திங்கட்கிழமை காலை முழுக்கக் கருணா அண்ணன் மேசையில் தொலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு வசந்தியிடமிருந்து செய்தி வந்தது. ‘பாலிகிளினிக்கில் இருக்கிறோம்.’ அவர் எழுந்து கீழே போய் இரண்டு காப்பி வாங்கிவந்தார். ஒன்றை என் மேசையில் வைத்தார்.

ஆறு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு பிற்பகல். சந்து முழுக்க விடுமுறைக் கூட்டம். மாடிப்படியில் கனமான காலடி கேட்டது. முருகையாவும் வசந்தியும் வந்து நின்றார்கள். சண்டைக்கு வந்திருக்கிறாரோ என்று எனக்குள் ஒரு பதற்றம். அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கருணா அண்ணன் மேசையில் வைத்தார். கண் மருத்துவரின் கடிதம்.

“இடது கண்ணுல நரம்பு செத்துப்போச்சாம் அண்ணே. கண்ணுக்குள்ள பிரஷர். வலது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு, ஆனா மருந்து விட்டா அத நிப்பாட்டலாம்னு சொல்றாங்க. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா அதுவும் போயிருக்கும்.”

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். முருகையா உட்காரவில்லை.

“ஒண்ணு சொல்லணும். அந்தத் திங்கக்கிழமை நான் யார்டுக்குப் போனேன். இவளுக்குக்கூடத் தெரியாது, அஞ்சு மணிக்கே போயிட்டேன். ட்ரெய்லர்ல ஏறி ஸ்டார்ட்டும் பண்ணிட்டேன். நான் எறங்குனது நீங்க போன் பண்ணுவீங்கன்னு பயந்து இல்ல. இடது பக்கக் கண்ணாடியப் பார்த்தேன். கண்ணாடி அங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா கழுத்தத் திருப்புனாத்தான் தெரியுது. திருப்புனப்ப அங்க செக்யூரிட்டிக்காரர் நின்னு எனக்குக் கைய ஆட்டிக்கிட்டு இருக்காரு. எவ்ளோ நேரமா ஆட்டிக்கிட்டு இருந்தாரோ தெரியாது. எறங்கிட்டேன். சாவியக் கொண்டுபோய் சூப்பர்வைசர்ட்ட குடுத்துட்டேன். அப்புறம்தான் வீட்டுக்கு வந்து இவளோட கிளினிக் போனேன். இப்ப கேட்ல பேப்பர் செக் பண்ற வேலை குடுத்திருக்காங்க. இருபத்தஞ்சு வருஷம் வேலை பார்த்த ஆளு, வெளிய அனுப்பலன்னாங்க.”

வசந்தி அப்போதுதான் வாயைத் திறந்தார். “நான் அடுத்த லைசன்ஸ் 2ஏ-க்கு கிளாஸ் பதிஞ்சிட்டேன் அக்கா. இவரோட பெரிய வண்டிய விக்க விடல. அத ஓட்ட இன்னும் ஒரு லைசன்ஸ் தாண்டணும், ரெண்டு மூணு வருஷம் ஆகும். ஆகட்டும். பின்னால உக்கார இவரு சம்மதிச்சிட்டாரு.”

“மணல் மூட்டை மாதிரி உக்காரணுமாம்” என்றார் முருகையா. என்னைப் பார்த்துச் சிரித்தார், முதல் முறையாக.

கருணா அண்ணன் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். எழுந்தார். முருகையா மேசைக்கு இந்தப் பக்கம், சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். கருணா அண்ணனுக்குக் கிட்டேயிருந்தது முருகையாவின் இடதுபக்கம்தான், இரண்டு எட்டு வைத்தால் போதும். அவர் அப்படிப் போகவில்லை. ஹெல்மெட் அடுக்கிய அலமாரியைச் சுற்றி, நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டு, முருகையாவின் வலதுபக்கமாக வந்து நின்று கையை நீட்டினார்.

முருகையா தலையைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. நேராகக் கையைப் பற்றிக்கொண்டார்.